இஞ்சி பியருக்கு ஈ எங்கிருந்து வந்தது

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது, உடப்புசல்லாவையிலிருந்து லீவு கேட்டு வருவது, உன் குவாட்டர்ஸ் கூரை ஒழுகுவது எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு காரியம் சொல்லியிருக்கிறாய். சரோஜாவுக்கு இஞ்சி பியர் போடுகிற பழக்கம் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு அதை விட்டுவிடும்படி நான்தான் அவளுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்கிறாய். நீ சொன்னால் வந்த புதிதிலேயே மனத்தாங்கல் ஆகிவிடுமாம், மாமியார் சொன்னால் கேட்டுக்கொள்வாளாம். காரணமும் எழுதியிருக்கிறாய். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்து வீட்டில் புளிக்கிற சாமான் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா, உங்கள் ஜாடிகளால்தானே அப்பாவுக்கு வேலை போகப் பார்த்தது என்று.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். கோபம் வரவில்லை. இத்தனை வருடமாக இதைத்தானா மனதில் வைத்திருந்தாய் என்று ஆச்சரியமாக இருந்தது. நீ அப்போது நாலாம் வகுப்பு. நான் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொய்யா மரத்தடியில் கவிழ்த்ததை வாசற்படியில் நின்று பார்த்தாய். அதற்குப் பிறகு சில நாளில் உன்னைக் கண்டியில் போர்டிங்கில் சேர்த்துவிட்டோம். நீ பார்த்தது நடந்ததுதான். ஆனால் நீ பார்த்ததோடு அது முடியவில்லை. மிச்சத்தை யாரும் உனக்குச் சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் அவளுக்குப் பிடித்த ஒன்றை விடச் சொல்வதற்கு முன்னால் நீ அந்த மிச்சத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுவிட்டு, அப்போதும் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். ஆனால் நீயே சொல்.

கல்யாணமாகி லிந்துலைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அப்பா அங்கே தோட்டத்து ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர். திருச்சியில் கல்லூரிக்குப் போய்த் தாவரவியல் படித்துவிட்டு, இங்கே வந்து மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலவாக்கலையில் பாண் வாங்கப் போன ஒரு நாள், பேக்கரி நானா ஒரு காகிதச் சுருளில் ஈஸ்ட் மடித்துக் கொடுத்தார். "இஞ்சிய இடிச்சு, சீனியும் தேசிக்காப் புளியும் போட்டு, ஆறின தண்ணியில இதக் கலந்து வைங்க தங்கச்சி. நாலு முந்திரிகை வத்தல் போடுங்க. பொறகு அது உங்களோட பேசும்" என்றார். தேசிக்காய் என்றால் எலுமிச்சை என்றே எனக்கு அப்போது தெரியாது. பேசும் என்றதை வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் கண்ணாடி ஜாடியில் காதை வைத்தால் உண்மையாகவே உள்ளே சின்னச் சத்தம் கேட்டது. காய்ந்த திராட்சை வத்தல்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின, மேலே வந்து கொஞ்சம் நின்று திரும்பக் கீழே போயின. நீ தவழ்கிற வயதில் உன்னை அந்த ஜாடிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டால் நான் சமையலை முடித்துவிடுவேன். அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஜாடியோடு ஈயும் வந்தது. வீட்டு ஈ இல்லை. எள்ளை விடச் சின்னது, சிவப்புக் கண், அவசரமே இல்லாத பறப்பு. இஞ்சி இடிக்கும்போது ஒன்றும் வராது. சீனி கரைக்கும்போது வராது. புளிப்பு ஏறத் தொடங்கிய அன்று வந்து நிற்கும். ஜன்னல் சாத்தியிருக்கும், வெளியே பனி இறங்கியிருக்கும், ஆனாலும் வந்துவிடும். இதற்கு யார் போய்ச் சொன்னது என்ற வியப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை. அடுத்த குவாட்டர்ஸில் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவி இருந்தார், கிளாக்கரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் ஒரே முடிவாகச் சொன்னார்.

"அது வெளியிலருந்து வரலீங்க டீமேக்கரம்மா. புளிச்ச சாமானே ஈயா மாறுது. எங்க வீட்டு வாழப்பழத்துல நான் கண்ணால பாத்தேன்."

எனக்கு அது சரியென்று படவில்லை. தவறென்று சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை. அதனால் இரண்டு டம்ளரில் தோலுரித்த வாழைப்பழத்தை மசித்துப் போட்டேன். ஒன்றைத் திறந்து வைத்தேன், மற்றதன் வாயில் அப்பாவின் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டினேன். திறந்த டம்ளரில் சில நாளில் வெள்ளைப் புழு நெளிந்தது, பிறகு ஈ பறந்தது. கட்டிய டம்ளரில் பழம் புளித்ததே தவிர ஒரு புழுகூட இல்லை. ஈக்கள் துணிக்கு மேலே உட்கார்ந்து உள்ளே போக வழி தேடிக்கொண்டிருந்தன. இரண்டையும் எடுத்துப் போய்க் கிளாக்கரம்மாவிடம் காட்டினேன். அவர் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "வாயக் கட்டிப் போட்டா காத்தில்லாம எப்படிங்க மாறும்?" என்றார். நல்ல கேள்விதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நான் செய்த மடத்தனங்களும் உண்டு. துணி கட்ட வேண்டும் என்று தெரிந்த பிறகு, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கொசுவலைத் துண்டை எடுத்துக் கட்டினேன். அந்த ஈக்கு அது கோயில் கோபுர வாசல். இன்னொரு முறை தைல வாடை அடிக்கிற டர்பன்டைன் மரத்து இலையைக் கொளுத்தி அடுப்படி முழுக்கப் புகை போட்டேன். ஈ போயிற்று. ஆனால் புகை ஜாடிக்குள் இறங்கிவிட்டது. உன் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தார். "இதக் குடிக்கணுமா, நெஞ்சுல தேய்க்கணுமா?" என்று கேட்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய மூக்கு உனக்குத் தெரியும், இப்போது அதே தொழிலில் நீயும் இருக்கிறாய். உருட்டிய தேயிலைக் கொழுந்தை ஒரு கை அள்ளி முகத்தருகே வைத்தால், பதம் வந்ததா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை என் ஜாடிக்கும் கொடுத்தார். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது நேரே அடுப்படிக்குள் வந்து, துணியை ஒரு ஓரமாகத் தூக்கி, மூச்சை இழுத்து, "இன்னைக்கு வேணாம்" என்பார். இன்னொரு நாள் "இப்ப போத்தல்ல ஊத்து" என்பார். அவர் சொன்ன நாளில் ஊற்றியது ஒரு தடவைகூடக் கெட்டதில்லை. அதிகம் பேசாத மனிதர் அடுப்படிக்குள் வந்து நின்ற நேரம் அதுதான்.

நீ நாலாம் வகுப்பில் இருந்த அந்த வருடம், கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவர்களிடமிருந்து, எங்கள் தோட்டத்துத் தூளில் ஒரு புளிப்பு வாடை வருகிறது என்று புகார் வந்தது. முதல் தடவை தோட்டத்துத் துரை முகம் சுளித்ததோடு விட்டார். இரண்டாம் தடவை ஸ்டோருக்குள் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். உருட்டிய கொழுந்தைச் சிமெண்டுத் தரையில் பரப்பிப் பதம் வர விடும் அறை உண்டல்லவா, அங்கே கொழுந்துக்கு மேலே பொடி ஈ பறப்பதைக் கண்டார். இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர், டீமேக்கர் வீட்டில் அம்மா ஏதோ புளிக்க வைக்கிறார்கள், அங்கே இந்த ஈ நிறைய என்று சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். ஸ்டோருக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

அன்று பகல் அப்பா வந்தார். ஜாடிப் பக்கம் போகவில்லை.

"எல்லாத்தையும் ஊத்திரு."

"ஏங்க?"

"துரை சொல்லிட்டாரு. மறுபடி புளிப்புன்னு வந்துச்சுன்னா நம்ம வேற தோட்டம் பாத்துக்கணும்."

வேலை போனால் வீடும் போகும். புளித்த தேயிலை போட்டவர் என்ற பெயரோடு போகிற டீமேக்கரை எந்தத் தோட்டம் எடுக்கும்? ஜாடிகளைக் கொண்டுபோய் மரத்தடியில் கவிழ்த்தேன். நீ பார்த்தது அதைத்தான். அடுப்படியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இரண்டு மூன்று நாளில் எங்கள் வீட்டில் ஈ அடங்கிவிட்டது. அந்த வாரம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஸ்டோர்ல இன்னும் ஈ இருக்குங்களா?"

"இருக்கு."

"முன்னவிட கம்மியா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "கம்மி இல்ல. நானும் ரெண்டு வேள தரையக் கழுவச் சொல்லிப் பாத்துட்டேன். கழுவக் கழுவ அதிகமாத்தான் தெரியுது."

எனக்கு அந்தக் கடைசிப் பேச்சில் மனம் நின்றுவிட்டது. இந்த ஈயைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அது சும்மா ஊர் சுற்றுகிற ஜந்து இல்லை. புளிப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் முட்டையிடும், பெருகும், அந்த இடத்தை விட்டு வெகுதூரம் போகாது. என் ஜாடிதான் காரணம் என்றால் ஜாடி போனதும் ஸ்டோரிலும் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அங்கேயே எங்கோ ஒரு ஜாடி இருக்கிறது.

அப்போது என்னிடம் ஈ பிடிக்க ஒரு வழி இருந்தது. டம்ளரில் கொஞ்சம் பழைய இஞ்சி பியர் ஊற்றி, அதில் ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர் விட வேண்டும். சவர்க்காரம் இல்லாவிட்டால் ஈ தண்ணீர்மேல் நின்று குடித்துவிட்டுப் போய்விடும், இருந்தால் மூழ்கிவிடும். டம்ளர் வாயில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, கீழ் நுனியில் ஊசி ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக வழி விட்டு வைத்தால், ஈ வாடைக்கு உள்ளே இறங்கும். திரும்பி வர வழி தெரியாது. இந்த டம்ளர்களை நம் அடுப்படியிலிருந்து ஸ்டோர் உள்ளறை வரை வரிசையாக வைத்துப் பார்ப்போம் என்றேன்.

"பியருக்கு எங்க போவ? எல்லாத்தையும் ஊத்தச் சொன்னேன்ல?"

"ஒரு போத்தல மறந்துட்டேன்."

"எங்க மறந்த?"

"வெறகுக்குப் பின்னால."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ஸ்டோருக்குள்ள டம்ளர் தூக்கிட்டுப் போனா ஆளுக சிரிப்பாங்க."

"சிரிச்சா வேல போகாதுங்க."

நான் ஸ்டோருக்குள் போகிற வழக்கம் இல்லை. அவரே எடுத்துப்போய் வைத்தார். ஒன்று நம் அடுப்படியில், ஒன்று வேலியோரம், ஒன்று ஸ்டோர் வாசலில், மற்றவை அந்த அறையின் நான்கு மூலையிலும். மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு நான் வீட்டு டம்ளரையும் வேலி டம்ளரையும் பார்த்தேன். வீட்டில் ஒன்றிரண்டு. வேலியில் ஒன்றுமே இல்லை. அப்பா கோட்டுக்குள் மறைத்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அடியில் கறுப்பாகப் படிந்து கிடந்தது. பின்பக்க மூலையில் வைத்ததாம். வாசல் டம்ளரில் கொஞ்சமும், அந்த மூலையை நெருங்க நெருங்க அதிகமுமாக இருந்ததாம். நாங்கள் இருவரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

அந்த மூலை எது என்று அவருக்குத் தெரியும். முந்தின மழைக்காலத்தில் அங்கே தரை வெடித்துக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொழுந்து கொட்டுகிற நேரம், அறையை மூடிவைக்க முடியாது. பெயர்த்து எடுத்து உலரவிட்டுப் போட வேண்டிய தரையை, மேலே மெல்லிசாகச் சிமெண்டு பூசி மூடியிருந்தார். இரும்பு அலவாங்கு கொண்டுபோய்த் தட்டினார், பொக்கென்று கேட்டது. பெயர்த்தார். கொழுந்துச் சாறு வெடிப்பு வழியாக இறங்கி, அடியில் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. அதில் புழு. கழுவிய தண்ணீரெல்லாம் சாற்றை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. "உன் ஜாடி ஊசிப்போனா வர்ற அதே வாட" என்றார் வந்து.

அன்று அவருக்கு இரண்டு வழி இருந்தது. இரண்டு ஆளை வைத்துச் சத்தமில்லாமல் தரையைப் போட்டுவிட்டு, ஜாடிகள் போனதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாம். துரைக்குத் திருப்தி, வேலைக்கு ஆபத்தில்லை. அல்லது தான் பூசி மூடிய தரையால் வந்தது என்று போய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது; அவரைப் பெரிய ஸ்டோர் ஒன்றுக்கு உயர்த்தி மாற்றுகிற பேச்சும் அப்போது நடந்துகொண்டிருந்தது. தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு ஆறுகிற வரை உட்கார்ந்திருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை, தம்பி. உன் போர்டிங் சாமான்களை மூலையில் கட்டி வைத்திருந்தேன். பிறகு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு துரை பங்களாவுக்குப் போனார்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "என்ன சொன்னாரு?"

"தரையப் பேத்துப் போடச் சொன்னாரு."

"வேற?"

"வேலைக்கு ஒண்ணுமில்ல." கோட்டைக் கழற்றி மாட்டினார். "அந்தப் பெரிய ஸ்டோருக்கு மாத்துற பேச்சு இனிமே இல்ல."

தரை போட்டார்கள். ஈ போயிற்று. கொழும்பிலிருந்து நல்ல வார்த்தை வந்தது. இதில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டியது, உன் அப்பா தன் வாயால் தன் குற்றத்தைச் சொன்னார் என்பது. அதை நான் மறந்ததே இல்லை.

ஆனால் துரையிடம் சொன்னவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்குக் கிளாக்கரும் கிளாக்கரம்மாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். முறுக்கும் தேநீரும் கொடுத்தேன். கிளாக்கரம்மா நல்ல மனதோடுதான் சொன்னார்: "பியர நிறுத்துனதும் எல்லாம் சரியாயிருச்சு பாத்தீங்களா டீமேக்கரம்மா? நான் அப்பவே சொல்லணும்னு இருந்தேன், நீங்க படிச்சவங்க, என்ன நெனைப்பீங்களோன்னுதான்." நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முறுக்கை ஒடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும், "அது தரைங்க" என்று. வரவில்லை. நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். காரணம் ஜாடி இல்லை என்று நான் சொன்னால், என் வீட்டுக்காரர் பூசிய தரை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை அவர் முன்னால், இன்னொரு உத்தியோகஸ்தர் முன்னால், எப்படிச் சொல்வது? தேநீரை ஊற்றினேன். அதன்பிறகு நான் ஜாடி வைக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் போடு என்றும் சொல்லவில்லை. அப்பா பகல் சாப்பாட்டுக்கு வந்து நேரே மேசையில் உட்காரத் தொடங்கினார். நீ போர்டிங்கிலிருந்து வந்தபோது கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகள் என்ன சொன்னார்களோ அதைத்தான் நீ கேட்டிருப்பாய்.

இப்போது சரோஜா விஷயம். நிச்சயதார்த்தத்துக்குக் கந்தப்பளைக்குப் போனபோது அவள் கொடுத்த இஞ்சி பியரை நீ இரண்டு டம்ளர் குடித்தாய், நான் கவனித்தேன். நான் அடுப்படிக்குப் போய் அவள் ஜாடியைப் பார்த்தேன். வாயில் மெல்லிய துணி, இறுக்கமான கட்டு, ஜாடிக்கு வெளியே ஒரு சொட்டுப் பிசுக்கு இல்லை. வடிகட்டிய இஞ்சிச் சக்கையை எங்கே போடுகிறாய் என்று கேட்டேன். "அன்னன்னைக்கே மண்ணுல பொதைச்சிருவேங்க அத்தை. இல்லாட்டி வந்துருமே அது" என்றாள். எது என்று சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை. கனிந்த பழத்தை ஜாடியோடு ஒரே அறையில் வைக்காதே, போத்தலைக் கழுவாமல் போட்டு வைக்காதே என்று நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். இந்தப் பெண்ணிடம் போய் ஈ வரும், விட்டுவிடு என்று நான் என்ன முகத்தோடு சொல்வது?

உன் பயம் எனக்குப் புரிகிறது. புது உத்தியோகம், புது துரை. ஸ்டோரில் ஈ வந்தால் முதலில் உன் வீட்டு வாசலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்பதுதான் எனக்கு முக்கியம். டம்ளர் வைத்துப் பார். அவளையும் கூட்டிக்கொண்டு பார். அவள் ஜாடியிலிருந்து என்றால் அவளே எடுத்துவிடுவாள். இல்லை என்றால், அதை அவள் காது கேட்க, மற்றவர்கள் காதும் கேட்கச் சொல்.

இவ்வளவையும் எழுதிவிட்டு நேற்று மாலை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் இதை அனுப்புவது சரியில்லை என்று பட்டது. முழுவதும் கேட்டார். தரை வந்த இடத்தில் தலையசைத்தார். தீபாவளி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"கிளாக்கரம்மா அப்படியா சொன்னாங்க?"

"ஆமாங்க. நீங்க முறுக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

"எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு" என்றார். நான் காகிதத்தை மடிக்கப் போனேன். கையை நீட்டி, "பேனாவக் குடு" என்றார். கீழே உள்ளது அவர் எழுதியது.

*

தம்பிக்கு. அம்மா எழுதியிருப்பது அத்தனையும் சரி. ஈ வந்தது தரையிலிருந்து. நான் பூசிய தரை. அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கிளாக்கர் பென்சன் வாங்கிக்கொண்டு ஹட்டனில்தான் இருக்கிறார். கல்யாணத்துக்கு அவரும் கிளாக்கரம்மாவும் வருவார்கள், பந்தியில் வைத்து நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை ஜாடி வைக்கட்டும். நீ நாளைக்கே உன் ஸ்டோர் தரையை மூலைக்கு மூலை தட்டிப் பார். பொக்கென்று கேட்டால் மேலே பூசாதே.

அப்பா